வெள்ளைத்துணிப் பொட்டலம்

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மச்சான் மலையாளப் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். மலையாளம் பேசுவதில் குறை இருக்காது, எழுத்து என்று வரும்போது மட்டும் கொஞ்சம் தடுக்கும். வாசித்து முடித்து, பேப்பரை மடித்து என் பக்கம் போட்டார்.

"என்ன மாப்ள, ஹைதராபாத் லேப்லயே விஷம் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்களாமே. அப்புறம் என்னத்துக்கு கேஸு? அந்தப் பொம்பளய வீட்டுக்கு அனுப்பிற வேண்டியதுதானே?"

கூடத்தாயி வழக்கைத்தான் சொன்னார். பாலக்காட்டில் ஒரு வக்கீலிடம் 22 வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதனால் இந்த மாதிரிக் கேள்விகள் எல்லாம் என்னிடம்தான் வரும். அன்றைக்குச் சாப்பாடு ஆகிவிட்டது என்று அக்கா கூப்பிட்டதால் தப்பித்தேன். பதில் மனதிலேயே கிடந்தது. கொஞ்சம் நீளமானது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோழிக்கோடு மாவட்டத்தில் இருக்கிறது கூடத்தாயி. 2002-லிருந்து 2016 வரை அங்கே ஒரே குடும்ப வட்டத்தில் ஆறு பேர் இறந்தார்கள். முதலில் ஓய்வு பெற்ற ஆசிரியையான மாமியார், ஆறு வருடம் கழித்து மாமனார், 2011-ல் கணவர். 2014-ல் மாமியாரின் சகோதரர், அதே வருடம் உறவுக்காரர் ஒருவரின் சின்னக் குழந்தை, 2016-ல் அந்தக் குழந்தையின் தாய். வருடக்கணக்கில் இடைவெளி இருந்ததால் ஒரு சாவையும் இன்னொரு சாவையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கணவரின் உடல் பிரேதப் பரிசோதனைக்குப் போனபோது சயனைடு இருந்தது தெரிந்தது. தற்கொலை என்று அதையும் முடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருந்த அவருடைய தம்பி விடாமல் காகிதங்களைத் தேடி எடுத்துப் புகார் கொடுத்த பிறகுதான் எல்லாம் நகர்ந்தது. 2019 அக்டோபர் 4-ஆம் தேதி கல்லறைகளைத் திறந்தார்கள். மறுநாள் மருமகள் கைதானார். அவர் குற்றத்தை மறுக்கிறார். தீர்ப்பு வராத வழக்கு என்பதால் நானும் யாரையும் கொலைகாரி என்று எழுதப்போவதில்லை.

தோண்டி எடுத்ததில், கடைசியாக இறந்த பெண்ணின் உடலில் சயனைடு கிடைத்தது. மற்ற நான்கு பேரின் மிச்சத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் மச்சான் வாசித்த செய்தி.

சரி, ஏன் கிடைக்கவில்லை? இதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஆட்டை வைத்துச் சொன்னால் புரியும். நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் வெள்ளாடு ஒன்று பக்கத்துத் தோட்டத்தில் குச்சிக்கிழங்கு இலையைத் தின்றுவிட்டு வந்து, வாசலில் நின்ற நிலையிலேயே கால் மடங்கி விழுந்தது. அம்மா மோர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. மலையாளத்தில் கப்பை என்று சொல்லும் அதே மரவள்ளிதான். இலையிலும் தோலிலும் சயனைடை உள்ளே பூட்டி வைத்த ஒரு பொருள் இருக்கிறது. கடித்து நசுக்கினால் பூட்டு திறந்துகொள்ளும். அதனால்தான் பாட்டி கிழங்கைத் தோல் சீவி, வேகவைத்து, முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைப்பாள். விஷம் தண்ணீரிலும் ஆவியிலும் போய்விடும். பாத்திரத்தை மூடாதே என்று அடுத்த அறையிலிருந்தே சத்தம் போடுவாள்.

அந்த ஆவியாகிப் போகிற குணம்தான் விஷயம். சயனைடு உடலுக்குள் போனால் உயிரணுக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகின்றன; மூச்சு இருந்தும் மூச்சுத் திணறல். சில நிமிடங்களில் ஆளை முடிக்கும். ஆனால் கொன்ற இடத்தில் அது தங்காது. கொஞ்சம் வாயுவாகப் போகும், கொஞ்சம் வேறு பொருளாக மாறும். மண்ணுக்குள் ஐந்து வருடம், பதினேழு வருடம் என்று கிடந்த உடலில் அதைத் தேடுவது, அன்றைக்குப் பாட்டி வேகவைத்த ஆவியை இன்றைக்குச் சமையலறையில் தேடுகிற மாதிரி. இன்னொரு சிக்கலும் உண்டு. அழுகும் உடலில் சிறிதளவு சயனைடு தானாகவே உண்டாகலாம். அதனால் கிடைத்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்பார், கிடைக்காவிட்டாலும் கேட்பார். ஆர்செனிக் அப்படி இல்லை. முடியிலும் நகத்திலும் எலும்பிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். 1836-லேயே ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் சொல்லிவிட்டார்.

ஆக, லேப் "இல்லை" என்று எழுதினால் "இன்றைக்கு இதில் இல்லை" என்றுதான் அர்த்தம். அன்றைக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தமாகாது. ஆனால் இதைச் சொல்லிவிட்டால் அரசு வக்கீலின் வேலை முடிந்துவிடாது. கொடுத்தார் என்று நிரூபிக்கிற பாரம் முழுக்க அவர் தலையில்தான் இருக்கிறது.

விஷக் கொலைக்கு உச்ச நீதிமன்றம் 1984-ல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் நான்கு விஷயம் கேட்டது. கொல்வதற்கு அழுத்தமான காரணம் இருந்ததா, இறந்தவர் அந்த விஷத்தால்தான் இறந்தாரா, குற்றம் சாட்டப்பட்டவர் கையில் அந்த விஷம் இருந்ததா, கொடுக்கச் சந்தர்ப்பம் இருந்ததா. அந்த வழக்கும் சயனைடு வழக்குதான். மனைவியைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட கணவரை அதில் விடுதலை செய்தார்கள். கூடத்தாயி வழக்கில் போலீஸ் ஒரு பொற்கொல்லரையும் சேர்த்துக் கைது செய்ததற்கு மூன்றாவது கேள்விதான் காரணம். நகைப் பட்டறையில் தங்கத்துக்கு மெருகேற்ற சயனைடு வைத்திருப்பார்கள். அந்தப் பட்டறையிலிருந்து அந்த வீட்டுச் சமையலறை வரை அது எந்தெந்தக் கை வழியாக வந்தது என்று ஒவ்வொரு கண்ணியாகக் காட்டினால்தான் வழக்கு நிற்கும்.

கை மாறுவது. இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் என் 22 வருடமும் போனது.

எங்கள் சார் மலையாளி. ஆனால் பாலக்காட்டுச் சித்தூர்க்காரர், தமிழை எங்களைப் போலவே பேசுவார். இடையில் சில வருடம் அடிஷனல் பப்ளிக் பிராசிக்யூட்டராக இருந்தார். சினிமாவில் வருகிற மாதிரி கோட்டை உதறிக்கொண்டு, குற்றவாளிக் கூண்டைப் பார்த்துக் கையை நீட்டிப் பேசுகிற ஆள் இல்லை. கேஸ் கட்டு வந்ததும் முதலில் மகஜரை, அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதின பத்திரத்தை எடுப்பார், அடுத்து லேப் ரிப்போர்ட், அடுத்து தொண்டி லிஸ்ட். கேரளக் கோர்ட்டில் வழக்குப் பொருளுக்குத் தொண்டி என்றுதான் பேர், விசாரணையில் அதற்கு எம்.ஓ. என்று நம்பர் போடுவார்கள். மூன்றையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலால் தேதிகளை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்வார். எடுத்த தேதி, கோர்ட்டுக்கு வந்த தேதி, லேப்புக்குப் போன தேதி, போனவன் பேர், சீல் எழுத்து. கொலை எப்படி நடந்தது என்று படிப்பது அதற்கப்புறம்தான். ஆரம்பத்தில் எனக்கு இது மனசாட்சி இல்லாத வேலையாகத் தெரிந்தது. ஒரு மனுஷி செத்துக் கிடக்கிறாள், இவர் அரக்கைப் பற்றிக் கவலைப்படுகிறாரே என்று நினைத்திருக்கிறேன்.

அவருக்கு அந்தப் பழக்கம் ஸ்பிரிட் கேஸ்களில் வந்தது. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று செக்போஸ்ட்டுகள் வரிசையாக இருக்கிற மாவட்டத்தில் வக்கீலுக்கு வேறு என்ன கேஸ் வரும்? 1996-ல் கேரளத்தில் சாராயத்தை நிறுத்திய பிறகு இன்னும் கூடியது. லாரியில் ஸ்பிரிட்டோடு வந்த கன்னாஸ்களை, அதாவது கேன்களைப் பிடிப்பார்கள், பாட்டிலில் சாம்பிள் எடுப்பார்கள், சீல் வைத்து கெமிக்கல் எக்ஸாமினருக்கு அனுப்புவார்கள். "எத்தில் ஆல்கஹால் இருக்கிறது" என்று ரிப்போர்ட் வரும். அதில் சந்தேகமே இருக்காது, பிடித்த அன்றைக்குத் தெரு முழுக்க வாடை அடித்திருக்கும். ஆனால் சாம்பிளோடு போகிற கடிதத்தில் சீலின் மாதிரிப் பதிவு இருக்காது. அது இல்லாவிட்டால், லேப்பில் பிரித்த பாட்டிலும் லாரிக்குப் பக்கத்தில் நிரப்பிய பாட்டிலும் ஒன்றுதான் என்று யார் சொல்வது? கேரள உயர் நீதிமன்றம் இந்த ஒரு காரணத்துக்காகவே எத்தனையோ அப்காரி வழக்குகளில், அதாவது சாராய வழக்குகளில், ஆட்களை விடுதலை செய்திருக்கிறது. சார் அப்போது எதிர்த்தரப்பில் இருந்தார். அரக்கில் பதிய வேண்டிய நாலு எழுத்து இல்லாததால் எத்தனை பேரை வெளியே கொண்டுவந்தார் என்று எனக்கே கணக்கு இல்லை. அப்புறம் அரசுத் தரப்புக்கு வந்தபோது, தான் அடித்துக்கொண்டிருந்த ஓட்டைகளைத் தானே அடைக்க வேண்டியதாயிற்று.

கேரளத்தில் தொண்டியின் கதை தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கமாட்டார்கள். 1990-ல் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் போதைப்பொருளோடு பிடிபட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர், அவர் போட்டிருந்த உள்ளாடை தொண்டி. மேல்முறையீட்டில் பார்த்தால் அது அவருக்குச் சேரவே இல்லை, சின்னதாக இருந்தது. விடுதலை. கோர்ட்டின் பாதுகாப்பில் இருந்த துணியை யாரோ வெட்டித் தைத்துவிட்டார்கள் என்று பிறகு தனி வழக்கே நடந்தது.

இப்போது என் மனதை விட்டுப் போகாத வழக்குக்கு வருகிறேன். ஊர்ப்பேர், வருடம் எதுவும் எழுதவில்லை, அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

எல்லையை ஒட்டிய தென்னந்தோப்புகளில் தோப்புக்கு ஒரு சாளை போட்டுத் தனியாக இருக்கிற பாட்டிகள் உண்டு. பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ இருப்பார்கள். இரண்டு வருடத்துக்குள் அப்படி மூன்று பாட்டிகள் செத்துப்போனார்கள். மூன்று பேருக்கும் காதில் தோடு இல்லை. ஒருத்தி கிணற்றில் கிடந்தாள், வழுக்கி விழுந்தாள் என்று எழுதிவிட்டார்கள். இரண்டாவது சாவு ரோட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது தமிழ்நாட்டில். மூன்றாவது எங்கள் கோர்ட் எல்லைக்குள். மூன்று ஸ்டேஷன், இரண்டு மாநிலம், இரண்டு மொழி. தமிழ்நாட்டுக் காகிதங்களை மலையாளத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லி சார் என்னிடம்தான் தந்தார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத எனக்குக் கை நடுங்கியது. அங்கேயும் வாயில் துணி திணித்திருந்தது. அங்கேயும் சாளைக் கதவு வெளியிலிருந்து கயிற்றால் கட்டியிருந்தது. கயிற்றில் போட்ட முடிச்சைக் கூட அந்தத் தமிழ்நாட்டு ஏட்டு விடாமல் எழுதியிருந்தார், தேங்காய்க் குலையைக் கட்டி இறக்குகிற முடிச்சு என்று. நல்ல ஏட்டு.

மூன்றையும் ஒருவன்தான் செய்தான் என்று போலீஸுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். மூன்றாவது வழக்கில் அவன் காட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு துண்டு கிடைத்தது. இறந்த பாட்டியின் ரத்த வகை அதில் இருந்தது. லேப் திருச்சூர். அதற்குமேல் என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன்.

முதலில், மற்ற இரண்டு சாவுகளைப் பற்றி இந்த நீதிபதி முன்னால் வாயே திறக்க முடியாது என்றார் சார். ஒருவன் வேறு இடத்தில் என்ன செய்தான், எப்படிப்பட்ட ஆள் என்பதை வைத்து இங்கே தண்டிக்கக்கூடாது. வழக்கு இந்தப் பாட்டி, இந்த ராத்திரி, இந்தத் துண்டு, அவ்வளவுதான். நான் இரண்டு ராத்திரி எழுதியது அப்படியே கேஸ் கட்டுக்குள் கிடந்தது. எங்களுக்கு வடக்கே, மங்களூர்ப் பக்கம், சயனைடு மோகன் என்று பேரெடுத்தவன் 2003-லிருந்து 2009 வரை 20 பெண்களைக் கொன்றதாக வழக்கு. பல உடல்கள் வெவ்வேறு ஊர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைகளில் கிடந்தன, ஒவ்வொரு ஸ்டேஷனும் தனித்தனியாகச் சந்தேக மரணம் என்று எழுதி மூடியது. பிடித்த பிறகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனி வழக்காக நடத்த வேண்டியிருந்தது. வெளியே இருந்து பார்க்கிற நமக்குத்தான் "தொடர் கொலை". கோர்ட்டுக்குள் அது எப்போதும் ஒரு கொலைதான்.

அடுத்தது மொழி. துண்டை எடுத்தபோது மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் டீக்கடைக்காரர், தமிழ் மட்டும் பேசுவார். மலையாள மகஜரில் "தோர்த்து" என்று இருந்தது, நம் துண்டுக்கு மலையாளத்தில் அதுதான் பேர். கூண்டில் ஏறியவர் "ஒரு துண்டு எடுத்தாங்க சார்" என்றார். மலையாளத்தில் துண்டு என்றால் ஒரு துணுக்கு, கிழிசல், காகிதச் சீட்டு. எதிர்த்தரப்பு வக்கீல் அழகாகப் பிடித்துக்கொண்டார். முழுத் தோர்த்தா, கிழிந்த துண்டா? டீக்கடைக்காரருக்குக் கேள்வியே புரியவில்லை. துண்டுங்க, தோள்ல போடுற துண்டுங்க, என்று தோளைத் தட்டிக் காட்டினார். மொழிபெயர்த்தவர் அதையும் துண்டு என்றே சொன்னார். பின்வரிசையில் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, குமாஸ்தா எழுந்து பேச முடியாது. சார் மறு விசாரணையில் எழுந்து அதைச் சரிசெய்தார். ஆனால் பதிவாகிற இடத்தில் ஒரு சந்தேகம் விழுந்தது விழுந்ததுதான்.

கடைசி அடி சீட்டில் இருந்த தேதிகளிலிருந்து வந்தது. துண்டை எடுத்தது ஒரு திங்கட்கிழமை. கோர்ட்டுக்கு அது வந்தது பதினோராவது நாள். நடுவில் எங்கே இருந்தது? ஸ்டேஷன் பீரோவில் என்றார் அதிகாரி. பீரோ சாவி யாரிடம்? ரைட்டரிடம். ரைட்டர் சாட்சிப் பட்டியலில் இல்லை. மகஜரில் சீலின் மாதிரி இல்லை. லேப் ரிப்போர்ட்டில் "சீல் எழுத்து பகுதி தெளிவில்லை" என்று ஒரு வரி. போலீஸ் கைப்பற்றிய, பாட்டியின் ரத்தம் பட்ட சேலையும் அதே பீரோவில், அதே பதினோரு நாள் இருந்ததா? இருந்தது. அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தபோது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குத் தெரியும், அது முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார்கள். வராந்தாவில் என்னைத் தாண்டிப் போகும்போது அவன் கையெடுத்துக் கும்பிட்டான். கிண்டல் இல்லை, மரியாதையாகவே கும்பிட்டான். நானும் அனிச்சையாகக் கையைத் தூக்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசும்.

அன்றைக்குச் சாயங்காலம் ஆபீஸில், "சார், அவன்தான் செஞ்சான்னு எனக்குத் தோணுது" என்றேன்.

"எனக்கும்தான் தோணுது, எடோ. தோணுறதுக்கு எம்.ஓ. நம்பர் போட முடியுமா?"

டி.என்.ஏ. வந்தபிறகு இந்தத் தொல்லையெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் அதன் முதல் வழக்கைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் 1983-லும் 1986-லும் இரண்டு சிறுமிகளைக் கொன்றவன் காலின் பிட்ச்ஃபோர்க். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-ல் கண்டுபிடித்த முறையை முதல்முதலாகக் கொலை வழக்கில் பயன்படுத்தினார்கள். அது முதலில் செய்த வேலை, தப்பாக ஒப்புக்கொண்ட 17 வயதுப் பையனை விடுவித்தது. அப்புறம் சுற்று வட்டாரத்தில் சுமார் 5,000 ஆண்களிடம் ரத்தம் எடுத்தார்கள். யாருடையதும் பொருந்தவில்லை. ஏனென்றால் பிட்ச்ஃபோர்க் தன்னோடு பேக்கரியில் வேலை செய்தவனைத் தன் பேரில் அனுப்பி ரத்தம் கொடுக்க வைத்திருந்தான். சோதனையில் தப்பு இல்லை, குழாயில் ஒட்டிய பேரில்தான் தப்பு. அந்த ஆள் மதுக்கடையில் உளறியதை ஒரு பெண் காதில் வாங்கிப் போலீஸில் சொன்னதால்தான் 1987-ல் பிடிபட்டான்.

நம் நாட்டில் கோர்ட்டுக்கு டி.என்.ஏ. முதலில் வந்ததும் கேரளம் வழியாகத்தான், கொலைக்கு இல்லை, தலச்சேரியில் ஒரு குழந்தைக்கு அப்பா யார் என்ற வழக்கில். ஹைதராபாத்தில் லால்ஜி சிங் சோதனை செய்தார். 1991-ல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. இப்போது 2024 ஜூலை முதல் ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆட்கள் நேரில் போயே ஆக வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. அதை முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசமும் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். இருந்தாலும் அவர்கள் எடுத்ததை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு போகத்தானே வேண்டும்.

டி.என்.ஏ. யார் என்று சொல்லும்; என்ன நடந்தது என்று சொல்லாது. ஷொர்ணூருக்குப் போகிற பாசஞ்சர் ரயிலில் வந்த ஒரு இளம்பெண் 2011 பிப்ரவரியில் பலாத்காரத்துக்கு ஆளாகிச் செத்துப்போனது எல்லோருக்கும் தெரியும். குற்றவாளி விருத்தாசலத்துக்காரன். அந்த மாதம் முழுக்க பாலக்காடு ஸ்டேஷனில் தமிழ் பேசினால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாண்டி" என்று முதுகுக்குப் பின்னால் கேட்டேன். பிறந்து வளர்ந்த மண்ணில். பலாத்காரத்துக்கு டி.என்.ஏ. சந்தேகமில்லாமல் பொருந்தியது. திருச்சூரில் தூக்கு, உயர் நீதிமன்றத்தில் உறுதி. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தப் பெண்ணை ரயிலிலிருந்து இவன்தான் தள்ளினான் என்பதற்கு நிரூபணம் இல்லை, அவள் குதித்ததாகச் சாட்சிகள் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று கொலைக் குற்றத்தை எடுத்துவிட்டு, தூக்கை ரத்து செய்து, பலாத்காரத்துக்கான ஆயுள் தண்டனையை அப்படியே வைத்தது. கேரளம் கொதித்தது. எனக்கும் கோபம்தான். ஆனால் சார் அன்றைக்கு ஆபீஸில் தீர்ப்பு நகலை வாசித்துவிட்டு, எந்தக் காயம் எப்படி வந்தது என்ற பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

இனிமேல் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாரிடமும் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை.

துண்டு வழக்கு தோற்று இரண்டு மூன்று வருடம் இருக்கும். உயர் நீதிமன்றத்தில் ஒரு ஃபைல் கொடுக்க எர்ணாகுளம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஆலத்தூரில் ஒரு போலீஸ்காரர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மஃப்டியில் இருந்தார், ஆனால் எனக்குத் தெரிந்த முகம், கோர்ட்டில் அடிக்கடி பார்ப்பது. மடியில் ஒரு பெட்டி. வெள்ளைத்துணி சுற்றி, விளிம்பெல்லாம் தடித்த நூலால் தைத்து, தையல் மேல் நாலைந்து இடத்தில் சிவப்பு அரக்கு. உள்ளே கண்ணாடிக் குப்பிகள். காக்கநாட்டு கெமிக்கல் எக்ஸாமினர் லேப்புக்குப் போகிற உள்ளுறுப்புகள் என்று பார்த்ததுமே தெரிந்தது. உப்புக் கரைசலில் போட்டிருப்பார்கள். பஸ் குலுங்கும்போது லேசாகத் தளும்புகிற சத்தம் கேட்டது. முன் ஸீட்டில் இருந்த பெண் திரும்பி, "அச்சாறாணோ சாரே?" என்று கேட்டாள், ஊறுகாயா என்று. "அதே, கடுமாங்ங" என்றார் இவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

பேச்சுக் கொடுத்தார். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆன பெண், வயலுக்கு அடிக்கிற மருந்து என்று சந்தேகம், புருஷன்தான் காப்பியில் கலந்தான் என்று பெண் வீட்டில் சொல்கிறார்கள். எங்கள் சாருக்குத்தான் அந்தக் கேஸ் வரும் என்றும் சொன்னார். குதிரான் மலைப்பாதையில் வழக்கம்போல லாரிகள் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம். சுரங்கப்பாதை எல்லாம் வராத காலம். திருச்சூர் ஸ்டாண்டில் பஸ் பத்து நிமிடம் நிற்கும் என்றார் கண்டக்டர். இவர் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நெளிந்தார். பெட்டியை மேலே வைக்க முடியாது, எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போகவும் முடியாது.

"அண்ணா, ரெண்டு நிமிஷம் புடிங்க. நீங்க நம்ம ஆளுதானே."

என் மடியில் வைத்துவிட்டு இறங்கி ஓடினார்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஒரு அரக்குப் பொட்டு சரியாக என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது, வெயிலில் லேசாக இளகி, எழுத்துகள் மட்டும் மேடாக. கையை எடுத்துவிட்டேன். விரல் ரேகை பதிந்துவிடுமோ என்று பயம். முன் ஸீட்டுப் பெண் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு நிமிடம் என்று சொன்னவர் ஆறேழு நிமிடம் கழித்து, கையில் ஒரு பரிப்புவடையோடு வந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கினேன், சாப்பிட முடியவில்லை.

ரிப்போர்ட் வந்தது. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து, சீல் கலையாமல் வந்து சேர்ந்தது, மாதிரியோடு ஒத்துப்போகிறது. அந்த வழக்கில் சாரின் சீட்டில் எல்லாத் தேதியும் ஒன்றன் பின் ஒன்றாக நின்றது. எடுத்தது, மறுநாள் கோர்ட், அதற்கு மறுநாள் லேப். இவ்வளவு சுத்தமான சங்கிலியை நான் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார்.

விசாரணையில் அந்தப் போலீஸ்காரர் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்து, பெரிதாக எதிர்பார்ப்பு இல்லாமல் அதையும் கேட்டார். ஸ்டேஷனிலிருந்து லேப் போகும்வரை பெட்டி உங்கள் கையில்தான் இருந்ததா?

"ஆமாம்."

"வழியில் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை?"

பின்வரிசையில், துண்டு வழக்கில் உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில்தான் நான் இருந்தேன். அவர் என்னைத் தேடவெல்லாம் இல்லை. நேராக நீதிபதியைப் பார்த்து, "இல்லை" என்றார். சார் தலை குனிந்து பென்சிலால் சீட்டில் ஒரு டிக் போட்டார்.

ஆயுள் தண்டனை. பெண்ணின் அப்பா வராந்தாவில் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் என் கையையும் பிடித்துக்கொண்டார், ஆபீஸ் ஆள் என்பதால். நான் சாரின் பையையும் கேஸ் கட்டையும் எடுத்துக்கொண்டு கார் வரை நடந்தேன். அந்தப் போலீஸ்காரர் கேட்டருகே டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளாஸைத் தூக்கிக் காட்டி, "குடிக்கிறீங்களா அண்ணா?" என்று கேட்டார்.